ஓட்டோக் காசு, நெல்லு விலை, கரண்ட் பில்: எஃப்(எக்ஸ்) எண்டதை எப்பிடி வாசிக்கிறது?

விசுவமடு_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். மகள் இந்த வருசம் உயர்தரம் கணிதப்பிரிவு தொடங்கியிருக்கிறாள், இணைந்த கணிதத்தில சார்பு எண்டு ஒரு பாடம் வருது. எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 3 எண்டு குடுத்து எஃப்(5) என்ன எண்டு கேட்டா 13 எண்டு டக்கெண்டு சொல்லுறாள், அதில பிரச்சினையில்ல. ஆனா போன கிழமை ஒரு பயிற்சியில எக்ஸ் றாத்தல் பாணின்ர விலை எஃப்(எக்ஸ்) ரூபா எண்டு குடுத்திட்டு "எஃப்(40) = 5200 என்பதை ஒரு வசனத்தில் விளக்குக" எண்டு கேட்டிருந்தவை, அதுக்கு அவள் "எஃப் ஐ 40 ஆல பெருக்கினா 5200" எண்டு எழுதி வைச்சிருக்கிறாள். நான் சின்னக் கடை ஒண்டு நடத்துறன், காசுக் கணக்கு எனக்குத் தெரியும், ஆனா இந்த அடைப்புக்குறி வைச்சு எழுதிற முறை எனக்கும் புதுசு. எங்கட ஊர் விலை வாசியளை வைச்சு ஆராவது விளங்கப்படுத்தினா நான் அவளோட இருந்து கதைக்கலாம்.

கணக்கு_வாத்தி:
அக்கா, உங்கட மகள் மட்டுமில்ல, மல்லாவியில என்னட்டப் படிக்கிற பிள்ளையள் பாதிப்பேர் முதல் மாசம் இப்பிடித்தான் எழுதுவினம், ஏனெண்டா 6ம் வகுப்பில இருந்து அடைப்புக்குறியைக் கண்டா பெருக்கு எண்டு பழகி வந்த பிள்ளையள், 3(4) எண்டா 12 தானே, அப்ப எஃப்(40) உம் பெருக்கல் எண்டு நினைக்கிறது இயல்பு தான். இந்த அடைப்புக்குறி வேற வேலைக்கு வந்தது. ஒயிலர் எண்ட கணித மேதை 1734 இல எஃப் எண்டு போட்டு பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள எக்ஸ் எழுதத் தொடங்கினவர், அந்த முறையைத்தான் இண்டைக்கும் உலகம் முழுக்கப் பாவிக்கிறம்.

எஃப்(40) ஐ ஒரு கடையில கேக்கிற கேள்வி மாதிரி வாசிக்கச் சொல்லுங்கோ. "40 றாத்தல் பாண் எவ்வளவு?" எண்டது தான் எஃப்(40). "5200 ரூபா" எண்டது மறுமொழி. ஆக எஃப்(40) = 5200 எண்டா 40 றாத்தல் பாண் வாங்க 5200 ரூபா முடியும். அவ்வளவு தான் வசனம். 40 க்கு அலகு றாத்தல், 5200 க்கு அலகு ரூபா, இந்த ரெண்டு அலகும் வசனத்துக்குள்ள வராட்டி விளங்கப்படுத்தினது எண்டு சொல்லேலாது. நான் புள்ளி போடேக்க அதைத்தான் முதல் பாப்பன்.

எஃப் எண்டது எண் இல்ல, விலை போடுற முறை, இப்பிடியான முறையைத்தான் சார்பு எண்டுறது. முறையைக் கொண்டுபோய் 40 ஆல பெருக்கேலாது.

கிளி_ஓட்டோ:
நான் கிளிநொச்சியில ஓட்டோ ஓடுறன், சாதாரண தரத்தோட நிண்டிட்டன், ஆனா இதை வாசிக்க நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்யிற வேலையா இருக்கு. கணக்குக்கு லேசா இருக்க ஒரு றேற் சொல்லுறன், முதல் கிலோமீற்றருக்கு 150 ரூபா, பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 100. இதை எப்பிடி எழுதுவியள் சேர்?

கணக்கு_வாத்தி:
நல்ல உதாரணம் தம்பி. கி கிலோமீற்றர் போற காசை ஓ(கி) எண்டு வைப்பம். அப்ப ஓ(கி) = 150 + 100(கி − 1). இதில பாருங்கோ அக்கா, ஒரே வரியில ரெண்டு விதமான அடைப்புக்குறி இருக்கு, 100 க்குப் பக்கத்தில உள்ளது பெருக்கல், ஓ க்குப் பக்கத்தில உள்ளது கேள்வி. 100 எண்டது எண், ஓ எண்டது முறையின்ர பேர், அதை வைச்சுத்தான் பிரிச்சுப் பாக்கிறது. மகளுக்கு இந்த ஒரு வரியை எழுதிக் குடுத்து "எது பெருக்கல், எது இல்ல" எண்டு கேளுங்கோ.

இனி இதை வாசிப்பம். ஓ(6) எண்டா 6 கிலோமீற்றர் போற காசு, 650 ரூபா. ஓ(கி) = 650 எண்டு குடுத்தா அது மற்றப் பக்கக் கேள்வி, 650 ரூபாவுக்கு எவ்வளவு தூரம் போகலாம் எண்டு, மறுமொழி 6 கிலோமீற்றர். ஓ(650) எண்டா 650 கிலோமீற்றர் ஓட்டோவில போறது. ஏ9 றோட்டு கண்டியில இருந்து யாழ்ப்பாணம் வரைக்குமே 321 கிலோமீற்றர் தான், அப்ப ஓ(650) எண்டு எழுதினா போய் வந்தாலும் றோட்டு முடிஞ்சிடும். பிள்ளையள் சோதினையில இந்த ரெண்டையும் தான் மாறி எழுதுறது, 650 ஐக் கண்ட உடன அடைப்புக்குறிக்குள்ள போட்டிடுவினம். 650 க்குப் பின்னால ரூபா இருக்கா கிலோமீற்றர் இருக்கா எண்டு பாத்தா மாறாது.

பிறகு ஓ(கி + 2) உம் ஓ(கி) + 2 உம். முதலாவது இன்னும் 2 கிலோமீற்றர் கூடப் போறது. ரெண்டாவது அதே தூரம், காசு மட்டும் 2 ரூபா கூட.

கிளி_ஓட்டோ:
ஓம் ஓம், இரவில 10 மணிக்குப் பிறகு எண்டா நாங்கள் 100 ரூபா கூட வாங்கிறது, அது ஓ(கி) + 100. பரந்தன் சந்தியில ஆஸ்பத்திரி மருந்து எடுத்திட்டுப் போவம் எண்டு சுத்தினா அது அடைப்புக்குறிக்கு உள்ளுக்க கூடுறது. ஆக்கள் எங்களோட சண்டை பிடிக்கிறதும் இந்த ரெண்டிலயும் தான், சுத்தினதுக்கு காசு கூட எண்டு சொன்னா "அண்டைக்கு 100 தானே கூட எடுத்தனி" எண்டு இரவுக் காசைக் கொண்டு வந்து கதைப்பினம்.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
நான் இந்த வருசம் சோதினை எடுக்கிறன் சேர். எனக்கு எப்பவும் பிடிபடாதது ஓ(அ + ஆ) எண்டது ஓ(அ) + ஓ(ஆ) இல்லையா எண்டது. வெளியில உள்ளதை உள்ளுக்குப் பிரிச்சு எழுதினா ஏன் பிழை?

கணக்கு_வாத்தி:
தம்பி ஓட்டோவை வைச்சே பாருங்கோ. 3 கிலோமீற்றர் போனா ஓ(3) = 350. ரெண்டு தரம் தனித்தனியா 3 கிலோமீற்றர் போனா 350 + 350 = 700. ஒரே ஓட்டமா 6 கிலோமீற்றர் போனா 650. அந்த 50 ரூபா எங்கால வந்தது எண்டா, ரெண்டு தரம் ஏறினா ரெண்டு தரம் முதல் கிலோமீற்றருக்கு கூடின காசு குடுக்கிறியள். முதல் கிலோமீற்றருக்கும் 100 தான் எண்டா ஓ(கி) = 100கி, அப்ப மட்டும் நீங்கள் சொன்ன மாதிரி பிரிச்சு எழுதலாம். தொடக்கக் காசோ, கூட வாங்கினா விலைக் குறைப்போ, எல்லை தாண்டினா வேற றேற்றோ வந்தால் பிரிக்கேலாது. வாழ்க்கையில உள்ள விலையளில கனக்க பிரிக்கேலாத விலையள் தான்.

வவுனிக்குளம்_விவசாயி:
இதை வாசிச்சுக்கொண்டு வந்தனான், நெல்லுக்கு ஒரு கணக்கு சொல்லுறன் பாருங்கோ, வாத்தியார் சொன்னதை விட எங்களுக்கு நெஞ்சில அடிக்கிற கணக்கு. வெட்டு மிசின் வயலால ஏறின உடன யாவாரி லொறியோட வந்து நிப்பான், கிலோ இவ்வளவு எண்டு விலை சொல்லுவான், விலை நல்லாத்தான் இருக்கும், பிறகு மூடைக்கு 2 கிலோ கழிவு எண்டுவான், சாக்கு நிறை, ஈரம், தூசு எண்டு காரணம் சொல்லுவான். கிலோ 110 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 700 கிலோ நெல்லை 70 கிலோ மூடையா 10 மூடை கட்டினா கழிவு 20 கிலோ, 680 கிலோவுக்கு காசு, 74,800 ரூபா. அதே 700 கிலோவை 50 கிலோ மூடையா 14 மூடை கட்டினா கழிவு 28 கிலோ, 672 கிலோவுக்குத் தான் காசு, 73,920. அதே நெல்லு அதே தராசு, சாக்கை மாத்தினதால 880 ரூபா போச்சு. சின்ன மூடை தூக்க லேசு எண்டு நாங்களே கேட்டுக் கட்டுறம்.

கணக்கு_வாத்தி:
ஐயா நீங்கள் சொன்னது தான் இந்த இழையில உள்ள முக்கியமான விசயம். யாவாரி வாயால சொல்லுறது கா(கிலோ), அதாவது காசு கிலோவில மட்டும் தங்கியிருக்கு எண்டு. உண்மையில நடக்கிறது கா(கிலோ, மூடை). கா(700, 10) = 74,800, கா(700, 14) = 73,920. அடைப்புக்குறிக்குள்ள ரெண்டு விசயம் இருக்கேக்க ஒண்டை மட்டும் சொன்னா மற்றது எங்கட பொக்கற்றில இருந்து போகும். ஆர் விலை சொன்னாலும் "இந்த விலை எது எதில தங்கியிருக்கு" எண்டு கேட்டு, அது எல்லாத்தையும் அடைப்புக்குறிக்குள்ள எழுதிப் பாக்கிற பழக்கம் பிள்ளையளுக்கு வரவேணும். சார்பு படிப்பிக்கிறதால வாற பெரிய லாபம் இது தான் எண்டு நான் நினைக்கிறன், வகையீடு தொகையீடு எல்லாம் பிறகு.

நெடுங்கேணியான்:
நெல்லு எண்டதால சொல்லுறன். 2025 பெப்ரவரியில அரசாங்கம் உத்தரவாத விலை அறிவிச்சது ஞாபகம் இருக்கும், நாடு நெல்லு கிலோ 120, சம்பா 125, கீரி சம்பா 132. இதையும் சார்பா எழுதலாமோ? உள்ளுக்க எண் இல்லையே.

கணக்கு_வாத்தி:
தாராளமா எழுதலாம். நெ(நாடு) = 120, நெ(சம்பா) = 125, நெ(கீரி சம்பா) = 132. இதைப் பாத்திட்டு ஒரு பிள்ளையும் "நெ ஐ சம்பாவால பெருக்கு" எண்டு சொல்லாது! அக்கா, மகளுக்கு இதைத்தான் முதல் காட்டுங்கோ, பெருக்கல் எண்ட நினைப்பு அந்த இடத்திலயே விட்டிடும். உள்ளுக்க எண் வரவேணும் எண்ட சட்டம் ஒண்டும் இல்ல, உள்ளுக்க போடுற ஒவ்வொண்டுக்கும் ஒரேயொரு மறுமொழி இருக்கவேணும், அது தான் சட்டம். உள்ளுக்க என்னென்ன போடலாம் எண்டதை ஆட்சி எண்டுவம், இஞ்ச ஆட்சி மூண்டு நெல்லினம். வாற மறுமொழியளின்ர கூட்டம் வீச்சு, அது 120, 125, 132.

ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல எண்டா நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த விலைக்கு எடுக்காது. அதால உண்மையில அதுக்கும் உள்ளுக்க இன்னொரு இடம் வேணும், இனம், ஈரம் எண்டு ரெண்டு.

வவுனிக்குளம்_விவசாயி:
அந்த ஈரத்தில தான் முழுக் கதையும். மழைக்குள்ள வெட்டின கால போக நெல்லைக் காய விட களம் எங்க இருக்கு, றோட்டில தான் பரப்பிறம். காய விட இடமில்லாதவன் யாவாரியிட்டத்தான் போவான்.

மாங்குளம்_அக்கா:
கரண்ட் பில்லை ஒருக்கா எழுதுங்கோவன் சேர், எங்கட வீட்டில போன மாசம் ஒரு யூனிற் கூடினதுக்கு பில் இரட்டிப்பாப் போச்சு எண்டு மனுசன் மீற்றர் பழுது எண்டு நிக்கிறார்.

கணக்கு_வாத்தி:
மீற்றர் பழுதில்ல பிள்ளை, 60 ஐத் தாண்டியிருப்பியள். வீட்டு மின் கட்டணம் போடுற முறை இப்பிடி: மாசம் 60 யூனிற்றுக்குள்ள நிண்டா ஒரு அட்டவணை, 60 ஐத் தாண்டினா வேற அட்டவணை, தாண்டின யூனிற்றுக்கு மட்டுமில்ல, முதலாவது யூனிற்றில இருந்தே கூடின விலை. நிலையான கட்டணமும் கூடும். றேற் அடிக்கடி மாறுறபடியா நான் கணக்குக்கு லேசான எண்கள் வைச்சுக் காட்டுறன், முறை மட்டும் உண்மையான முறை. 60 க்குள்ள எண்டா முதல் 30 க்கு 5 ரூபா, அடுத்த 30 க்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 200. 60 ஐத் தாண்டினா முதல் 60 க்கும் 13 ரூபா, அதுக்கு மேல 18 ரூபா, நிலையான கட்டணம் 400. பில் காசை மி எண்டு வைப்பம்.

மி(60) = 150 + 240 + 200 = 590.
மி(61) = 780 + 18 + 400 = 1198.

மி(61) − மி(60) = 608. இதை வாசிக்கிறது எப்பிடியெண்டா, 61வது யூனிற் ஒண்டுக்கு மட்டும் நீங்கள் குடுத்த காசு 608 ரூபா. மி(61) ஐ 61 ஆல பிரிச்சு ஒரு யூனிற் கிட்டத்தட்ட 20 ரூபா எண்டு பாத்தா இந்த உண்மை தெரியாது. சராசரி விலை வேற, கடைசி ஒண்டின்ர விலை வேற, ரெண்டையும் பிள்ளையள் ஒண்டு எண்டு நினைக்கினம்.

இன்னொண்டு, அந்த 60 எண்ட எல்லை 30 நாளுக்கு. மீற்றர் வாசிக்கிற ஆள் பிந்தி வந்தா நாள் கணக்குக்கு எல்லையும் கூடும், அதால உண்மையில மி(யூனிற், நாள்). பில்லில நாள் எத்தினை எண்டு அடிச்சிருக்கும், மனுசனுக்கு அதைக் காட்டுங்கோ.

மாங்குளம்_அக்கா:
பாத்தன் சேர், 30 நாளுக்கு 61 யூனிற். பிரிஜ்ஜை இரவில நிப்பாட்டச் சொன்னா ஆர் கேக்கினம்.

முல்லை_கடல்:
நான் கொஞ்சம் மறுத்துச் சொல்லப்போறன். நீங்கள் எல்லாரும் விலை எண்டா சார்பு எண்டு கதைக்கிறியள், முல்லைத்தீவுக் கரையில காலமை வந்து பாருங்கோ. ஒரே வள்ளத்தில வந்த ஒரே பாரை மீன், கிலோ ஒருத்தருக்கு ஒரு விலை, பக்கத்தில நிக்கிறவருக்கு வேற விலை. வாத்தியார் சொன்ன சட்டப்படி ஒண்டுக்கு ஒரு மறுமொழி தானே, அப்ப இஞ்ச சார்பே இல்ல. கணக்குப் புத்தகம் கடற்கரைக்குச் சரிவராது.

நெடுங்கேணியான்:
அது முகத்தைப் பாத்து விலை. வான் பிடிச்சு வந்த ஆளெண்டா ஒண்டு, சைக்கிளில வந்த ஆளெண்டா ஒண்டு.

கணக்கு_வாத்தி:
முல்லை தம்பி சொல்லுறதில நியாயம் இருக்கு. விலை எடையில மட்டும் தங்கியிருக்கிற சார்பு இல்ல, அது சரி. ஆனா நெடுங்கேணி சொன்னதைப் பாருங்கோ, அவர் உள்ளுக்க என்ன விடுபட்டுப் போச்சு எண்டு கண்டுபிடிச்சிட்டார். வி(எடை) சரிவராது, வி(எடை, நேரம், ஆள்) எண்டு எழுதினா கன வித்தியாசம் அடங்கிடும். காலமை 6 மணி விலை 10 மணிக்கு இருக்காது. ஒரே உள்ளீட்டுக்கு ரெண்டு மறுமொழி வந்தா உடன சார்பில்ல எண்டு விட்டிடாமல், சொல்லாமல் விட்ட ஒண்டு இருக்கோ எண்டு தேடவேணும்.

முல்லை_கடல்:
அப்பிடியெண்டா எதையும் உள்ளுக்க போட்டுப் போட்டு சார்பு ஆக்கலாமே? பேரம் பேசிற வாயையும் போடுவியளோ? எனக்கு இது முழுக்க ஏற்கேலாமல் இருக்கு, ஆனா நேரம் சேர்க்கிறது சரி, அது நாங்களே பாக்கிறது தான்.

பழைய_வன்னியன்:
தம்பியவை, இடத்தையும் போடுங்கோ. யுத்த நேரம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அங்கால மண்ணெண்ணெய் ஒரு விலை, இஞ்சால வேற விலை. லீற்றர் அதே லீற்றர். 2002 இல ஏ9 பாதை திறந்த பிறகு அந்த வித்தியாசம் இறங்கினது, 2006 ஓகஸ்ற்றில பூட்டின உடன திரும்ப ஏறினது. அந்த நேரம் பள்ளிக்கூடத்தில ஆரும் எங்களுக்கு எஃப்(எக்ஸ்) எண்டு சொல்லித் தரேல்ல, ஆனா சாமான் விலை எதில தங்கியிருக்கு எண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். போத்தல் விளக்கில படிச்ச பிள்ளையளுக்கு அது வடிவாத் தெரியும்.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
ஐயா சொன்னதைப் பாத்து எனக்கு ஆட்சி விளங்கிற மாதிரி ஒண்டு ஓடுது, சரியோ எண்டு சொல்லுங்கோ சேர். 2022 இல எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்கு கிழமைக்கு 5 லீற்றர் தான். 92 பெற்றோல் அப்ப லீற்றர் 450. அப்ப பெ(லீ) = 450லீ, ஆனா லீ 0 இல இருந்து 5 வரைக்கும் தான், அது ஆட்சி. வீச்சு 0 இல இருந்து 2250. பெ(8) எண்டு எழுதினா சூத்திரத்தில 3600 வரும், ஆனா பெற்றோல் செட்டில தரமாட்டினம், அதால பெ(8) எண்டு ஒண்டு இல்ல.

கணக்கு_வாத்தி:
அருமை, அப்பிடியே எழுதுங்கோ சோதினையிலயும். சூத்திரம் மறுமொழி தருது எண்டதுக்காக அந்தக் கேள்வி கேக்கலாம் எண்டு அர்த்தமில்ல. வணிகப்பிரிவுப் பிள்ளையள் பொருளியலில கேள்விச் சார்பு எண்டு படிக்கினம், அங்க விலை உள்ளுக்க போகும், வாங்கிற அளவு வெளியில வரும், கே(வி) = 100 − 2வி எண்டு குடுத்தா வி 50 ஐத் தாண்டேலாது, ஏனெண்டா மைனஸ் கணக்கில ஆரும் சாமான் வாங்கிறேல்ல. அதுவும் ஆட்சி தான்.

கிளி_ஓட்டோ:
அந்த 5 லீற்றரை வைச்சு ஒரு கிழமை ஓடினது எங்களுக்குத் தான் தெரியும். செட்டில இரவிரவா நிண்டு எடுத்தது.

விசுவமடு_அம்மா:
எல்லாருக்கும் கனக்க நன்றி. நேற்று இரவு மகளோட இருந்து நெல்லுக் கணக்கும் ஓட்டோக் கணக்கும் பாத்தனாங்கள், நெ(சம்பா) ஐப் பாத்த உடன "ஓ இது பேர் தானே" எண்டாள், பிறகு பாண் கணக்குக்கு தானா வசனம் எழுதினாள். இப்ப எனக்கு என்ர கடைக் கணக்கில ஒரு சந்தேகம் வந்திட்டுது. நான் கொப்பி ஒண்டு 120 ரூபாவுக்கு விக்கிறன், 12 அல்லது அதுக்கு மேல எடுத்தா எல்லாத்தையும் 100 ரூபாப்படி குடுக்கிறன். மகள் அதை கொ(எ) எண்டு எழுதி, கொ(11) = 1320, கொ(12) = 1200 எண்டு காட்டி "அம்மா 11 கொப்பி எடுக்கிற பிள்ளை ஏமாறுது" எண்டு சொல்லுறாள். நான் இவ்வளவு காலமும் அப்பிடி யோசிக்கேல்ல. இதைவிட இன்னொண்டு, தம்பி கடையில நிக்கேக்க கொப்பி வித்த காசை மட்டும் எழுதி வைப்பான், எத்தினை எண்டு எழுதமாட்டான். காசை வைச்சு எத்தினை கொப்பி எண்டு திருப்பிக் கண்டுபிடிக்கலாமோ?

கணக்கு_வாத்தி:
மகள் சொன்னது சரி அக்கா. 11 எண்டு கேட்டு வாற பிள்ளைக்கு 12 ஆ எடு, 120 ரூபா மிச்சம் எண்டு சொல்லிக் குடுங்கோ, உங்கட கடையை விட்டுப் போகாதுகள்.

மற்றக் கேள்வி நேர்மாறு சார்பு, மறுமொழியை வைச்சு உள்ளுக்க போட்டதைத் திருப்பிக் கண்டுபிடிக்கிறது. ஓட்டோவில 650 ரூபாவில இருந்து 6 கிலோமீற்றருக்குத் திரும்பி வந்தம், ஒரு காசுக்கு ஒரு தூரம் தான், அதால வரலாம். உங்கட கொப்பிக்கு கொ(10) பாருங்கோ, அதுவும் 1200. கொ(12) உம் 1200. தம்பி 1200 எண்டு எழுதி வைச்சிருந்தா 10 கொப்பி போச்சோ 12 கொப்பி போச்சோ எண்டு உங்களால சொல்லேலாது. கொ ஒரு சார்பு தான், அதில பிழையில்ல, எத்தினை எண்டா காசு ஒண்டு தான். ஆனா திருப்பினா 1200 க்கு ரெண்டு மறுமொழி வருது, அதால கொ வுக்கு நேர்மாறு சார்பு இல்ல.

ஒட்டுசுட்டான்_பெடியன்:
சேர், மற்றக் காசுகளுக்கு எண்டா கண்டுபிடிக்கலாம் தானே? 960 எண்டா 8 கொப்பி தான், வேற வழியில்ல. 1500 எண்டா 15.

கணக்கு_வாத்தி:
ஓம் தம்பி. 120 இன் மடங்கும் 100 இன் மடங்கும் முதல் சந்திக்கிறது 600 இல, ஆனா 100 ரூபா விலை 12 கொப்பிக்குப் பிறகு தான் வருது. பிறகு 1200 இல சந்திக்குது, அதுக்கு மேல 120 ரூபா விலை 11 கொப்பியோட, 1320 இல, முடிஞ்சிடும், 1320 ஐ 100 ஆல பிரிக்க மிச்சம் வரும். அதால 1200 ஒண்டு தான் குழப்பம். ஒருக்கா வித்ததை ஒரு வரியில எழுதினாத் தான் இதுவும் சரி, முழு நாள் காசையும் கூட்டி எழுதினா ஒண்டும் கண்டுபிடிக்கேலாது.

விசுவமடு_அம்மா:
விளங்குது சேர். அப்ப தம்பிக்கு ஒவ்வொரு தரமும் எத்தினை எண்டதை முதல் எழுது, காசைப் பிறகு எழுது எண்டு சொல்லிட்டன். எத்தினை எண்டு தெரிஞ்சா காசு தானா வரும்.